கட்டிங் மாஸ்டரின் நேரான மூக்கு

மூக்கு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு அப்புறம் யாருடைய முகமும் முழுசாகத் தெரியாது. மூக்கு மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மூக்கின் நடுத்தண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே, இறங்க வேண்டிய நிறுத்தத்தை நான் பலமுறை தவறவிட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் திருப்பூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இருந்தேன். டோக்கன் கொடுப்பது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, ஆபரேஷனில் தட்டுப் பிடிப்பது, பிறகு கட்டுப் பிரித்து, மூக்குக்குள் அடைத்த துணியை உருவும்போது நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் நான்தான். அதற்கு முன் பனியன் கம்பெனியில் மடித்து அடுக்கும் வேலை. படிப்பு எட்டாவது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்களை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் மற்றதைத் தெரிந்துகொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆஸ்பத்திரியிலேயே மோசமான மூக்கு என்னுடையதுதான். இளவயதில் நூல் மூட்டையோடு சைக்கிளிலிருந்து விழுந்ததில் இடப்பக்கமாக வளைந்துவிட்டது. வெளியே கோணல், உள்ளே அடைப்பு. சோறு மெல்லும்போது நடுவில் நிறுத்தி வாயால் மூச்சு வாங்குவேன். குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். எத்தனையோ பேரைப் பயப்படாதீர்கள் என்று சொல்லி மேஜையில் ஏற்றியவன், நான் மட்டும் ஏறவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவனுக்கு அந்தத் தைரியம் வராது. குணமானவர்கள் வெளியே போகும்போது வாசலில் நின்று ஒரு முழு மூச்சை இழுப்பார்கள் பாருங்கள், அப்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் அன்பர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அப்புச்சி கொடுத்தது

மாதத்தில் ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் வருவார். மூக்கின் வடிவத்தை மாற்ற நினைப்பவர்களுக்கு அன்றைக்குத்தான் டோக்கன். ஒருமுறை பெருமாநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு கம்பெனி முதலாளியின் மனைவி தன் மகளைக் காரில் கூட்டி வந்தார். கையில் காலண்டரிலிருந்து கத்தரித்த ஒரு பெண்ணின் படம். இந்த மூக்குத்தான் வேண்டும், தை மாதம் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்றார்.

சர்ஜன் அந்தப் படத்தை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். ஒருவர் மூக்கை இன்னொருவர் முகத்தில் வைக்க முடியாது, இருப்பதைக் கொஞ்சம் திருத்தலாம், அவ்வளவுதான் என்றார். வீக்கம் முழுதாக வடிந்து உருவம் நிலைக்க ஒரு வருஷம்கூட ஆகலாம், அதனால் கல்யாண நாளைக் கையில் வைத்துக்கொண்டு இதற்கு வரவே கூடாது என்றும் சொன்னார். பிறகு அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, உனக்கு வேண்டுமா அம்மா என்று பெண்ணிடம் கேட்டார். கல்லூரியில் படிக்கும் பெண். எடுப்பான மூக்கு, நுனியில் லேசாகக் கிளி மூக்கு. காற்று அதில் சத்தமே இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. இதைப் போய் வேண்டாம் என்கிறார்களே, எனக்குக் கொடுத்தால் ஆகாதா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் சொன்னாள்: "எங்க அப்புச்சி மூக்குங்க இது, எங்கம்மாவைப் பெத்தவரு. அவரு குடுத்த காடு தோட்டத்தை மட்டும் எங்கம்மா வேண்டாம்னு சொல்லலீங்க."

இரண்டு பக்கமும்

முதலிபாளையத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். நடுத்தண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து ஒரு துவாரமே மூடியிருந்தது. டாக்டர் நேராக்கிவிட்டார். இந்த மாதிரி ஆபரேஷனுக்கு நாங்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டைத்தான் பாடுவோம். சில வாரம் முன்பே பீடி, சிகரெட், பொடி எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். வேறு எதற்காவது மாத்திரை சாப்பிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும், சில மாத்திரைகளால் ரத்தம் நிற்காது. பிறகு கொஞ்ச நாள் மூக்கைச் சிந்தக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு காட்டிக்கொள்ள வந்த அன்றைக்கு, டாக்டர் எதிரிலேயே மடியிலிருந்து பொடிமட்டையை எடுத்தார். டாக்டருக்கு வந்த கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பெரியவர் மட்டையை மூடாமலே பணிவாகச் சொன்னார்: "இத்தன வருசமா ஒரு பக்கந்தானுங்க போட முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் போடலாம்னுதானுங்க ஆப்ரேசனே பண்ணுனேன்."

வாசனை வந்தவர்

சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்கு மூக்குக்குள் திராட்சைக் கொத்து மாதிரி சதை வளர்ந்திருந்தது. பல வருஷமாக எந்த வாசனையும் தெரியாது. சதையை எடுத்த சில நாளில் வந்து, பக்கத்துக் கடையில் காப்பி ஆற்றுவது இங்கே வரை மணக்கிறது என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான், வேறு காரணத்துக்காக. அந்தக் கடைக் காப்பியைத் தினம் குடிப்பவன் நான். அது மணக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அடுத்த மாதம் அவரே முகம் வாடித் திரும்ப வந்தார். சாயத் தொட்டிப் பக்கம் நிற்க முடியவில்லையாம். ஓடைத் தண்ணீர் நாற்றத்தில் குமட்டுகிறதாம். அங்கே உட்கார்ந்துதான் இத்தனை வருஷம் சோறு தின்றோம் என்பதை நினைத்தால் இப்போது சோறே இறங்கவில்லையாம். பழையபடி அடைத்துவிட முடியுமா என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. முகத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார், மருந்தை விடாமல் போடச் சொன்னார். இந்தச் சதை சிலருக்குத் தானாகவே மறுபடி வளர்வதும் உண்டு, அதனால் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எச்சரித்தார். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. "அது வளர எத்தன நாளுங்க ஆகும்?"

எலாஸ்டிக்

இனிமேல்தான் பழனிச்சாமி வருகிறார். என் மனைவி வசந்தா செக்கிங்கில் இருந்த அதே பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்திருந்த துணி ரோல் ஒன்று சரிந்து முகத்தில் விழுந்து மூக்கெலும்பு உடைந்துவிட்டது. தானாகச் சரியாகும் என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டார். வெளியே கோணல், உள்ளே அடைப்பு, அச்சாக என்னைப் போலவே. உள்வேலையை எங்கள் டாக்டரும் வெளிவேலையைக் கோயம்புத்தூர் சர்ஜனும் சேர்ந்து செய்தார்கள். முதல் வாரம் கண்ணாடி பார்க்கவே கூடாது என்று சொல்லி அனுப்புவோம். கண்ணைச் சுற்றிக் கறுத்து, முகம் வீங்கி, பார்த்தால் அடிபட்டவர் மாதிரி இருக்கும். அதில் பயந்து போனவர்கள் உண்டு.

மாஸ்டருக்கு வந்த சிக்கல் வேறு. மூக்குக் கண்ணாடியைப் பல வாரம் மூக்கின்மேல் வைக்கக் கூடாது. கண்ணாடி இல்லாமல் துணி வெட்டினால் விரல் போய்விடும். லீவு முடிந்து வேலைக்குப் போனவர், ஜட்டிக்குத் தைக்கும் அகலமான எலாஸ்டிக்கை நெற்றியைச் சுற்றிக் கட்டி, அதிலிருந்து கண்ணாடியை நூலால் தொங்கவிட்டுக்கொண்டார். அந்த எலாஸ்டிக்கில் கம்பெனியின் பேர் வரிசையாக நெய்திருக்கும். அதோடு ஒருநாள் எங்களிடமும் வந்து நின்றார். நான் சிரித்தேன். அவரிடம் நான் மனசாரச் சிரித்தது அதுதான் கடைசி. "கம்பெனி பேரு நெத்தியிலயே இருக்குதுங்ணா. கேட்டுல வாட்ச்மேன் கார்டே கேக்கறதில்லீங்க."

சாப்பாட்டு மணி

வீக்கம் வடிய வடிய மாஸ்டருடைய மூக்கு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. ஆளே மாறிவிட்டார். அந்தச் சர்ஜன் எங்களிடம் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அது. என் மூக்குக்குச் சோடியாக இருந்த ஒரு மூக்கு என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டது.

வீட்டில் வசந்தா மாஸ்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மாஸ்டர் மூக்கு எப்படி நேராயிருச்சு பார்த்தீர்களா என்றாள். மாஸ்டர் முதல் இரண்டு நாள் கஞ்சிதான் குடித்தாராம், மாஸ்டர் தலைக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினாராம். எங்கள் வீதியில் குடியிருந்த, அதே கம்பெனியில் பேக்கிங் செய்த ஒரு அம்மா, கடையில் பார்த்தபோது இன்னொன்றும் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தால் வசந்தா இப்போதெல்லாம் செக்கிங் பெண்களோடு உட்காருவதில்லை, சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கட்டிங் மேஜைப் பக்கம் போய்விடுகிறாள் என்று.

நான் அதிகம் பேசாதவன். எதையும் கேட்கவில்லை. ஆனால் வசந்தா பொட்டு வைக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்து என் மூக்கைப் பார்த்தேன். அதுவரை எனக்கு மூச்சுதான் குறையாக இருந்தது. அன்றைக்கு முகமும் சேர்ந்துகொண்டது. ஒரு மூக்குக்காக இன்னொருவன்மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று தெரிந்தது; தெரிந்தும் நிற்கவில்லை. பேக்கிங் அம்மா சொன்ன வார்த்தை காதிலேயே இருந்தது: "மாஸ்டரு சொல்லச் சொல்ல உங்கூட்டம்மா கேட்டுக்கறதப் பாத்தா பள்ளிக்கூடம் தோத்துப் போகுமுங்க."

கடைசியாகக் காட்ட வந்தபோது

மாஸ்டர் கடைசித் தடவையாகக் காட்டிக்கொள்ள வந்தார். டோக்கனைக் கொடுத்துவிட்டு, அடுக்கியிருந்த கருவிகளையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவராகவே பக்கத்தில் வந்து நின்று, உங்கள் ஆபரேஷன் எப்போது என்று கேட்டார். எனக்கு ஒரு ஆபரேஷனும் இல்லை என்று வெடுக்கென்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்ணா இப்படிச் சொல்றீங்க? மத்தியானம் போசியத் தொறந்தா உங்கூட்டு அம்மிணி இதையேதான் கேக்குது. மூக்குல வெச்ச துணிய உருவறப்ப வலிச்சுதுங்களா, தலை சுத்துச்சுங்களா, எங்கூட்டுக்காரரு தாங்குவாருங்களான்னு."

தட்டுப் பிடித்தவர்

அன்று சாயங்காலம் வசந்தா கம்பெனியிலிருந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சொன்னதைச் சொன்னேன். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. புதுசாக இன்னொரு எரிச்சல்தான் வந்தது. ஊரே மூக்கைப் பற்றி என்னிடம் வந்து கேட்கிறது, நீ மட்டும் என்னை விட்டுவிட்டு அவரிடம் போய்க் கேட்பாயா என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. யாருக்காவது மூக்கிலிருந்து துணியை உருவிய அன்றைக்கு நான் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது அவளுக்கு வெகு நாளாகவே தெரியுமாம். நான் பயப்படுகிறேன் என்று என்னிடமே எப்படிச் சொல்வது என்றுதான் சும்மா இருந்தாளாம். இரவெல்லாம் நான் மூச்சுக்குத் தவிப்பதைப் பக்கத்தில் படுத்துக் கேட்பவள் அவள்தானே. "உங்களைக் கேட்டா ஒண்ணும் பயமில்லைன்னுதான் சொல்லுவீங்க, எல்லாருக்கும் சொல்லற மாதிரி. நீங்க தட்டுப் புடிச்சவருங்க, அவரு பட்டவருங்க."

அடையாளம்

ஒருவழியாக டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன், இந்தத் தடவை நோயாளியின் நாற்காலியில். வசந்தா பக்கத்தில் நின்றாள். நான் தினமும் சொல்லும் எல்லாவற்றையும் டாக்டர் எனக்கே புதுசு மாதிரி சொன்னார். உள்தண்டை நேராக்கினால் மூச்சு சரியாகும், ஆனால் வெளியே கோணல் அப்படியேதான் இருக்கும். இரண்டும் வேறு வேறு வேலை என்றார். அப்படியானால் கோயம்புத்தூர் சர்ஜனை வைத்து வெளிவேலையையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று நான் சொன்னேன். என் கண்முன்னால் அந்த நூல் பிடித்த மூக்குத்தான் இருந்தது. யாருக்காக என்று டாக்டர் கேட்டார். நியாயமான கேள்வி. வடிவத்துக்காக வருகிற எல்லாரிடமும் அவர்கள் கேட்கும் கேள்விதான். வசந்தாதான் பதில் சொன்னாள்: "மூச்சை மட்டும் சரி பண்ணுங்க டாக்டர். மூக்கு கோணலாவே இருக்கட்டுங்க, பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துல நான் இவரைக் கண்டுபுடிக்கோணுமில்லீங்க."

ஆபரேஷன் முடிந்து துணியை உருவும்போது மாஸ்டர் வசந்தாவிடம் சொல்லியிருந்த அளவுக்கே வலித்தது, தலையும் சுற்றியது. வசந்தா இறந்து சில வருஷமாகிவிட்ட இன்றைக்கும் என் மூக்கில் அடைப்பில்லை, ஆனால் அவள் என்னைப் பற்றியே பேசிய அத்தனை மத்தியானங்களையும் எதிரில் உட்கார்ந்து கேட்டவர் அந்தக் கட்டிங் மாஸ்டர்தான் என்று நினைத்தால் மட்டும் கொஞ்சம் மூச்சு முட்டத்தான் செய்கிறது.