மணக்காத ஏலக்காயும் கங்காணியும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் டீ போட்டேன். ஏலக்காய் இரண்டைத் தட்டிப் போட்டேன். மணக்கவில்லை.

இன்னும் இரண்டு தட்டினேன். மூக்கைப் பாத்திரத்துக்குள் விட்டுப் பார்த்தேன்... சூடு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். வேறென்ன?

போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் ஸ்டோரில் முப்பத்தோரு வருஷம் வாச்சர் வேலை பார்த்தவன் நான். காய் உலர்த்துகிற இடத்தைத்தான் ஸ்டோர் என்போம். சாயங்காலம் வெளியே போகிற ஒவ்வொருவரின் தூக்குவாளியையும் திறந்து பார்ப்பது என் சோலி. சோற்றுக்கு அடியில் காய் இருக்கும். இல்லாமலும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பார்வைதான். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். அந்தப் பார்வை ஆகவில்லை.

எண்ணெய் எடுத்த காய் என்று ஒன்று உண்டு. சாரத்தை இறக்கிவிட்டு, சக்கையைப் பச்சைச் சாயத்தில் முக்கி, புதுக் காய் என்று தள்ளிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். மணம் இருக்காது. அதைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார் அருளப்பன்.

அருளப்பன் பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரர். கடைக்குப் பின்னாலேயே வீடு; தனி ஆள். ஊரடங்கு என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, காலையில் மட்டும் வியாபாரம்.

கிளம்பினேன். கூடவே கங்காணியும்.

கங்காணி என் நாய். போன வருஷத்து முதல் ஊரடங்கில் மெட்டில் டீக்கடைகளை எல்லாம் அடைத்துவிட்டார்கள். பரோட்டாத் துண்டில் வளர்ந்த நாய், பின்னங்கால் நொண்டி, எலும்பும் தோலுமாக நின்றது. நான் ஊருக்கு இறங்கிய ஜீப்பில் ஏறிக்கொண்டது. இறக்கிவிட்டேன். மறுபடி ஏறியது. தோட்டத்தில் ஆள் மேய்க்கிற கங்காணி மாதிரி எல்லோரையும் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்க்கும் — அதனால் அந்தப் பெயர். கேரள எல்லையில் வளர்ந்ததால் மலையாளத்தில் சொன்னால்தான் கேட்கும்.

"அண்ணே, இது என்ன காயி?" என்றேன் அருளப்பனிடம்.

"ஏலக்காதான் வாச்சரே. கண்ணு தெரியலையா?"

"கண்ணு தெரியுது. மணம் தெரியல. எண்ணெ எடுத்ததாக்கும்?"

மாஸ்க்குக்கு மேலே அவர் கண் இரண்டும் சிவந்தன. "எங்கப்பா காலத்துக் கடை இது. எங்கிட்டயா?"

ஒரு காயை உடைத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "மாஸ்க்க எறக்கிட்டு மோந்து பாருங்க."

இறக்கினார். மோந்தார். "கம்முனு மணக்குதே!"

நடிக்கிறார்.

வாசலில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவள் பேச்சியம்மாள். அவளைக் கூப்பிட்டேன். அதே காய், அதே கை. அவளும் மாஸ்க்கை இறக்கினாள்.

"பாயாசம் கணக்கா மணக்குதுண்ணே. எந்த வீட்டு விசேசத்துக்கு?"

இவளும் கூட்டு. அவர் கடை நிழலில்தானே வண்டியை நிறுத்துகிறாள்... வேறெப்படிச் சொல்லுவாள்?

கங்காணியைத் தேடினேன். அருளப்பன் காலடியில் படுத்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. தெருவில் யாரையும் அண்ட விடாத நாய். அதையும் வளைத்துவிட்டாரா?

"இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்."

"ஏறாதீக. நாய மட்டும் அனுப்புங்க. அதுக்காச்சும் மூக்கு இருக்கு."

வீட்டுக்கு வந்து கருவாட்டை அடுப்பில் போட்டேன். மனைவிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். மகள் பிரசவத்துக்குச் சிலமலை போனவள். பச்சைப்பிள்ளை வீடு என்று அங்கேயே தங்கிவிட்டாள்.

"சாமியே எதுக்க வந்தாலும் தூக்குவாளியத் தொறக்கச் சொல்லுவீக" என்றாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கங்காணி வேட்டியைக் கவ்வி இழுத்தது. திரும்பிப் பார்த்தால் அடுப்படி முழுக்கப் புகை. தெருவில் யாரோ, "எந்த வீட்டுலய்யா கருகுது?" என்று கத்துகிறார்கள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அடுப்பை அணைத்தேன். கரியாகிக் கிடந்த கருவாட்டை மூக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை.

கருவாட்டில் யார் எண்ணெய் எடுப்பார்கள்?

முப்பத்தோரு வருஷத்தில் இல்லாத வழக்கமாக, சந்தேகம் என் மேலேயே வந்தது.

டெஸ்ட் எடுத்தேன். கொரோனாதான். நர்சம்மா வந்து வாசலில் தள்ளி நின்றார். "நாளைக்குக் காலைல வண்டி வரும். பத்து நாள் ஆஸ்பத்திரியில இருக்கணும். யார் யாரைக் கிட்டத்துல பாத்தீங்க ஐயா?"

காலடியில் கிடந்த கங்காணியைப் பார்த்தேன்.

நாய் மூலமாகவும் வரும் என்று ஊரில் ஒரு புரளி. வீட்டில் கட்டிப்போட்டால் கங்காணி பட்டினி. அவிழ்த்துவிட்டால் கல்லடி. அதற்குப் பிஸ்கட் போடுகிற ஒரே ஆள் அருளப்பன். அவர் பெயரைச் சொன்னால் அவர் வாசலைப் பதினாலு நாள் தகரம் அடித்து அடைத்துவிடுவார்கள். அப்புறம் நாயை யாரிடம் விடுவது? சொல்லாவிட்டால்... யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் மாஸ்க்கை இறக்கச் சொன்னது நான்.

"ரெண்டு பேரு" என்றேன். இரண்டு பெயரையும் சொன்னேன்.

சாயங்காலமே தகரம் அடித்தாயிற்று. அருளப்பனிடமிருந்து போன்.

"காயில குத்தம் சொன்னீக. இப்பக் கடையவே அடைக்க வச்சிட்டீக. சந்தோசமா வாச்சரே?"

"தப்புதாண்ணே."



"நாயி?"

"யாருமில்ல."

"பின்வாசல்ல கட்டிட்டுப் போங்க. பதினாலு நாளும் ஏம் மூஞ்சியவே நான் பாத்துக்கிட்டுக் கெடக்க முடியாது."

ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் போட்டேன். பின்னால் ஒரே குரைப்பு.

"'மிண்டாதே'ன்னு சொல்லுங்க. அங்கிட்டுச் சத்தம் போடாதங்கிறத அப்படித்தான் சொல்லுவாக."

"ஏ, மிண்டாதே!" குரைப்பு கூடியது. "ஒங்க நாயி என் மலையாளத்த நம்ப மாட்டேங்குது வாச்சரே!"

நாலாம் நாள் அவருக்கும் பேச்சியம்மாளுக்கும் கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆனாலும் பேச்சியம்மாளின் வண்டி பதினாலு நாள் ஓடவில்லை. நான் பத்து நாளில் வீடு திரும்பினேன். தகரம் எடுத்த அன்று அவள் முன்னால் போய் நின்றேன். வண்டியிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்தேன்.

"போங்கண்ணே. கத்திரிக்காய மோந்து பாக்காம வாங்கிட்டுப் போங்க" என்றாள்.

அருளப்பன் கங்காணியை அவிழ்த்துக் கையில் கொடுத்தார். உடனே கடைக்குள் திரும்பிவிட்டார். நாய் கொஞ்சம் சதை போட்டிருந்தது. கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் அருளப்பன். கையில் பிஸ்கட்.

"நாயப் பாக்கலாம்னு வந்தேன்."

நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். மழை ஏன் இன்னும் தொடங்கவில்லை, மெட்டு ரோட்டை எப்போது திறப்பார்கள், தன் மகன் ஏன் போன் எடுப்பதில்லை — பேசினார். ஆறரைக்கு எழுந்து போனார். நாய் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கவும் இல்லை.

மூன்று வாரமாகத் தினமும் வருகிறார். நாயைப் பார்க்கத்தானாம்.

நம்பவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை — கேட்டால் வருவதை நிறுத்திவிடுவாரோ என்று ஒரு சந்தேகம்.