தேசிக்காய் ஆணமும் மூன்று றாத்தல் பாணும்

புத்தளத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு தேசி மரம் நிற்கிறது, எலுமிச்சையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அதனால் உம்மா வீட்டு ஆணத்துக்கு, அதாவது மீன் குழம்புக்கு, புளிப்பு என்றால் தேசிக்காய்தான். தேங்காய்ப்பால் விட்டு, சட்டியை இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் பிழிந்துவிடுவோம். பழப்புளி கரைத்துக் கொதிக்க வைப்பவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். மீனின் ருசியை மூடி மறைக்கிறார்கள் என்று நினைப்பேன்.

அந்தத் திமிரோடுதான் கல்யாணம் முடித்துக் கண்டக்குழிக்கு வந்தேன். கணவருக்குக் கடல் தொழில். அவர், அவருக்கு மூத்தவரான நானா, அடுத்த வளவில் இருக்கும் கத்தோலிக்க அண்ணன், மூவரும் ஒரே போட்டில் போவார்கள். பின்னேர அஸர் தொழுகை முடிந்து புறப்பட்டால் விடிந்த பிறகுதான் கரை. மூவருக்கும் சோறு கட்டுவது மூன்று வீட்டுக்கும் முறை. மூன்று நாளைக்கு ஒரு தரம் என் முறை வரும்.

முதல் முறைக்கு விளைமீன் வாங்கி, என் கைப்பக்குவம் எல்லாம் காட்டி, சோற்றின் மேலேயே ஆணத்தை ஊற்றி வாழையிலையில் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் நானாவின் மனைவி, என் மதினி, வேலியருகே வந்து, சாப்பாடு நல்லமாம் என்று நானா சொன்னதாகச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த முறை இன்னும் இரண்டு தேசிக்காய் கூடப் பிழிந்தேன். இலை கடலோடு போய்விடுகிறது, மிச்சம் மீதி வீட்டுக்கு வருவதில்லை. நான் எதைக் கண்டேன்? ஒன்றரை மாதம் இப்படியே போனது.

ஒரு நாள் காலை கடைக்குச் சீனி வாங்கப் போனேன். கடைக்காரர் சீனியை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

“இண்டைக்கு ஒங்கட மொறையா தங்கச்சி? அப்ப மூணு றாத்தல் பாண் எடுத்து வெக்கணும்.”

கடை ரொட்டிக்கும் என் முறைக்கும் என்ன தொடர்பு என்று முதலில் விளங்கவில்லை. என் முறை நாளில்தான் மூவரும் பாண் வாங்குகிறார்கள் என்று விளங்கியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. சீனியை எடுத்தேனோ விட்டேனோ, வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்துக்கொண்டேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். பாலும் தேசிக்காயும் சேர்ந்த ஆணம் சோற்றோடு சூட்டில் கிடந்து, பொழுது பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே கெட்டுப்போகிறதாம். சோற்றை மீனுக்குக் கொட்டிவிட்டு, மூவரும் பாணும் சம்பலும் தின்றிருக்கிறார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

“மொத நாளே நானா சொல்லிட்டார், புள்ள புதுசா வந்தவ, மொகம் வாடக்குடாது எண்டு. பொறகு எந்த மொகத்தோட சொல்ற?”

கோபம் வடியவில்லை. ஆனால் கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இரவெல்லாம் வலை இழுக்கிற மூன்று ஆம்பிளைகள், என் முகம் வாடக்கூடாது என்று சோறில்லாமல் பாணைத் தின்றிருக்கிறார்கள்.

அன்றைக்குச் சூரை மீன் வாங்கினேன். மதினியிடம் வாய் திறந்து பழப்புளி கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, ஒரு உருண்டை எடுத்துத் தந்தார். பால் விடாமல், புளியைக் கெட்டியாகக் கரைத்து, மிளகாய்த்தூள் போட்டு, எண்ணெய் மிதக்கும்வரை வற்றவிட்டேன். ஆறவைத்துக் கட்டினேன். கணவர் சோற்றுப் பொதியை வாங்கிக்கொண்டு நேரே கடைக்குப் போய்ப் பாணையும் எடுத்துக்கொண்டு போட்டுக்குப் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் சொன்னாராம். நல்ல நம்பிக்கை!

விடிய மூவரும் கரையிலிருந்து எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். கணவர் பையை மேசையில் வைத்தார். உள்ளே மூன்று றாத்தல் பாணும் ஒரு விள்ளல் குறையாமல் இருந்தன.

நான் உள்ளே போய்த் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துத் தேசிக்காய் பிழிந்தேன். அடுப்பிலிருந்து இறக்கி உடனே தின்பதற்குத் தேசிக்காயை மிஞ்ச ஒன்றும் இல்லை, அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். பழைய பாணைச் சொதியில் தோய்த்து எல்லாரும் தின்றோம். நானா கையைக் கழுவிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார்.

“ராவு ஆணத்துக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு, புள்ள.”

அந்த வீட்டில் என் சமையலுக்கு ஒருவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவரை நான் அவர்களுக்கு விருந்தாளி.