அலமாரி அக்கா அடுக்கிய நானூறு கோப்புகள்

அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற யாருக்கும் அவள் முதலில் முதுகாகத்தான் அறிமுகமாவாள். முகத்தைத் திரைக்குக் கொடுத்துவிட்டு வலது காலை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருப்பாள். "அதான் அலமாரி அக்கா. அங்க எதையும் கலைச்சுடாத" என்று யாராவது காதில் போட்டு வைப்பார்கள்.

லிஃப்டை இயக்கும் மென்பொருளை ஏழு வருடமாகக் கட்டிக் காப்பவள். நானூற்றுச் சொச்சம் கோப்புகள், எல்லாம் ஒரே ஃபோல்டரில். இடம் மாற்றினால் எது எங்கே அறுந்துபோகுமோ என்று யாரும் தொடுவதில்லை. கதவு நிரலைத் தேடிப் போனால் மோட்டார் நிரல் காலை இடறும்.

மேலாளர் ஒருநாள் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ரெண்டு புது ஆளுங்களை உட்கார வைக்கிறேன். அவங்களால தேடி எடுக்க முடியலைன்னா, இந்த வேலையை மாடி டீமுக்குக் கொடுத்துடறேன்."

பெற்றதைத் தூக்கிக் கொடு என்பதுபோல் இருந்தது அவளுக்கு. அன்றே ஃபில்டர் போட ஆரம்பித்தாள். கோப்பு கணினியின் வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். நிரல் எழுதும் செயலியின் பட்டியலில் மட்டும் கதவு, மோட்டார், விளக்கு என்று இனம் பிரிந்து தெரியும். எதிலும் சேராததற்குச் 'சில்லறை'. சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

"பிரேக் கோப்பு ஒண்ணு இருக்கு. கதவுலயும் சேருது, மோட்டார்லயும் சேருது."

"எங்க சித்தப்பா மாதிரியா? அவரும் எந்த வீட்டுலயும் ஒட்ட மாட்டார். சில்லறையில போடு" என்றார் கணவர், தட்டிலிருந்து தலை தூக்காமல்.

மூன்று வாரத்தில் முடித்தாள். புதன்கிழமை புதுக் கணினி வந்தது; பழையதைக் கீழ்த்தளத்துக்குக் கொடுத்தனுப்பினாள். வியாழன் காலை, எல்லோரும் நிரலைச் சேமித்து வைக்கும் பொதுக் களஞ்சியத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்கித் திறந்தாள். நானூறு கோப்பும் பழையபடி ஒரே வரிசையில் நின்றன.

எது எந்த இனம் என்ற அடுக்கு விவரம் முழுவதும் ஒரு சின்னக் கோப்பில்தான் இருக்கும். அந்தக் கோப்பு களஞ்சியத்துக்குப் போகவே இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருமுறை இப்படி அடுக்கப் பார்த்தபோது, எதற்கும் வாதாடும் அடுத்த மேஜைக்காரர் 'வக்கீல்' அவள் அடுக்கியதைக் கலைக்க, அவர் கலைத்ததை அவள் அடுக்க, சண்டை முற்றி, அந்தக் கோப்பை 'அனுப்பாதே' பட்டியலில் சேர்த்தது அவளேதான். சேர்த்ததோடு அடுக்குவதையும் விட்டுவிட்டாள், பட்டியலையும் மறந்துபோனாள்.

பழைய கணினியில் இருக்குமே என்று படியிறங்கி ஓடினாள்.

"நேத்தே எல்லாத்தையும் அழிச்சுத் துடைச்சாச்சுக்கா. சீக்கிரம் முடிங்கன்னு நீங்கதானே நச்சரிச்சீங்க" என்றார் கணினிக்காரர்.

திரும்பி வந்தவள் உட்காரவில்லை. அனுப்பாதே பட்டியலிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு வக்கீலின் மேஜை முன்னால் நின்றாள்.

"ஒரே நாள்தான் இருக்கு. பாதியை நீங்க அடுக்குங்க."

"நான் அடுக்கினா உனக்குப் பிடிக்காதே?"

"பிடிக்காதுதான். அடுக்குங்க."

சாயங்காலம் வரை வாக்குவாதம். பிரேக் கோப்பு மோட்டாரில்தான் சேர வேண்டும் என்றாள் அவள்; கதவில்தான் போடுவேன் என்று வக்கீல் ஒற்றைக் காலில் நின்றார். கதவு திறந்திருந்தால் பிரேக் லிஃப்டை நகர விடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் கேட்டது வேறெதையும் அல்ல, அந்தப் பிரேக் கோப்பைத்தான். புதிதாக வந்த பெண் கதவு ஃபில்டரை விரித்து ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினாள். "இங்கதானே இருக்கணும்?" என்று வேறு கேட்டாள். வக்கீல் இருமினார். மேலாளர் மாடி டீமைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

அவள் இப்போதும் அதே மேஜையில் அதே லிஃப்ட் மென்பொருளைத்தான் பார்க்கிறாள். அடுக்குக் கோப்பு தினமும் களஞ்சியத்துக்குப் போகிறது. பிரேக் கோப்பை வாரத்துக்கு ஒருமுறை மோட்டாருக்கு மாற்றுகிறாள். வக்கீல் மறுநாளே கதவுக்கு மாற்றிவிடுகிறார்.