ஐரிஸ் பூத்ததா என்று எழுதவும்

எழுபதுகளின் நடுவில் என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே வீடு அமையவில்லை. சோழவரத்தில், ஏரிக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் குடியேறினோம். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது, ஐந்து மாதக் கைக்குழந்தை. குறைந்த வாடகைக்கு வீடு கிடைத்ததற்கு ஒரு நிபந்தனை இருந்தது. மெட்ராஸில் இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு மாதம் ஒரு முறை தோட்டத்தைப் பற்றி நான் கடிதம் எழுத வேண்டும்.

சாவி கொடுத்த அன்று அந்த அம்மா சொன்னார். "தோட்டக்காரர் முப்பது வருஷமா இருக்கார். நல்லவர்தான். இருந்தாலும் ஒரு கண்ணு வெச்சுக்கோங்க."

அந்த 'இருந்தாலும்' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட தோட்டம் அது. செங்கல்லை ஓரத்தில் பதித்த பாத்திகள். பெரும்பாலும் கிழங்கு வைத்து வளர்ப்பவை: கல்வாழை, சம்பங்கி, டேலியா, வேலியில் செங்காந்தள். குளத்தோரப் பாத்தியில் மட்டும் ஐரிஸ். வீட்டுக்காரம்மாவின் கணவர் மலையிலிருந்து கிழங்கு தருவித்து வைத்தாராம். அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. பனிக்காலத்தில் நீலமாகப் பூக்கும் என்றார்கள். அம்மா எழுதும் ஒவ்வொரு கடிதமும் "ஐரிஸ் பூத்ததா என்று எழுதவும்" என்றே முடியும்.

தோட்டக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் எந்தப் பாத்திக்குப் போனாலும் அவர் கண்டுகொள்ள மாட்டார். குளத்துப் பக்கம் திரும்பினால் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுவார்.

"அங்க போவாதம்மா. பாம்பு கீது."

"ஐரிஸ் எப்போ பூக்கும் நைனா?"

"பனி எறங்கட்டும்."

பனி இறங்கியது. மார்கழி போய் தையும் பிறந்தது. பூ இல்லை. பச்சைக் கத்திகளை நட்டு வைத்தது போல இலைகள் மட்டும் நின்றன.

இன்னொன்றையும் கவனித்தேன். மதிய வேளையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாராவது ஒரு பெண் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். நைனா மடியிலிருந்து எதையோ எடுத்துக் கொடுப்பார். கிழங்கை விற்கிறார் என்று முடிவு செய்தேன். அதன் பிறகு சமையல் செய்யும்போதுகூட ஜன்னலை விட்டு நகரவில்லை. வெட்டி எடுத்த டேலியாக் கிழங்குகளை அவர் மணலில் புதைத்து வைப்பார். அவர் வீட்டுக்குப் போனதும் நான் மணலைக் கிளறி எண்ணிப் பார்ப்பேன். ஒன்றும் குறையவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

"நமக்கு எதுக்கு இந்த பேஜாரு? சும்மா இரு" என்றார் என் கணவர்.

ஒரு நாள் காலையில் குழந்தை வயிறு உப்பி ஓயாமல் அழுதது. சத்தம் கேட்டு நைனாவின் மனைவி வந்தார். மடியிலிருந்து ஒரு கிழங்குத் துண்டை எடுத்துக் கல்லில் உரைத்து, தொப்புளைச் சுற்றித் தடவினார். வசம்பு. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வசம்பைத்தான் நான் பார்த்திருந்தேன். இது ஈரமாக, சேறு ஒட்டிக்கொண்டு, நுனியில் பச்சை இலையோடு இருந்தது.

"இது எங்கேருந்து?"

"கொளத்தாண்டதான் கெடக்குதே. கொயந்த வெச்சிருக்கறவளுங்க எல்லாம் வந்து வாங்கிக்கினு போறாளுங்க."

குழந்தை தூங்கியதும் குளத்தோரம் போனேன். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். என் குழந்தையின் வயிற்றில் இருந்த அதே வாடை. அடுத்த இலை, அதற்கடுத்தது, பாத்தியின் கடைசி வரை எல்லாமே வசம்பு.

திரும்பினால் நைனா நின்றுகொண்டிருந்தார்.

"ஐரிஸ் எங்க?"

"ஏரி ரொம்பி தண்ணி இங்க வரைக்கும் வந்துச்சு. கெழங்கு அழுகிப்பூட்ச்சு. ஐயா அப்போ படுத்த படுக்கையா கெடந்தாரு. ஜன்னல்லேருந்து இந்தப் பாத்தியத்தான் பாத்துகினே இருப்பாரு. அதான் வசம்ப நட்டேன். எல ஒரே மாரி இருக்கும்."

"அப்புறம் அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"ஐயா பூட்டாரு. அப்பால எப்டிம்மா சொல்றது?"

நான் நம்பவில்லை. பதிலை முன்பே செய்து வைத்திருந்தது போல இருந்தது. அன்றே எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டேன்.

நான்காம் நாள் வாசலில் கார் வந்து நின்றது. கைத்தடி ஊன்றி இறங்கிய அம்மா நேராகக் குளத்தோரம் போய்ப் பார்த்தார். பிறகு நைனாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"போன தையில பதினோரு பூன்னு கடிதாசு வந்துது. உங்களுக்கு முன்னாடி இருந்த கணக்குப்பிள்ளை பொய் எழுதறவர் இல்ல. நீங்க வந்து எட்டு மாசம் ஆகுது, இல்லையா?"

முதலில் எனக்குப் புரியவில்லை.

"உங்க சொந்த ஊர்ல யாருக்காவது தோட்டம் இருக்கா?" என்று கேட்டார்.

அப்போது புரிந்தது. நான் நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை. அம்மா எங்கள் அறைக்குள் வந்தார். ஜன்னலில் நான் வைத்திருந்த இரண்டு தொட்டிகளைத் தடியால் தட்டினார். தூளிக்குக் கீழே குனிந்துகூடப் பார்த்தார். என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் நைனா. அவரைத்தான் நான் காட்டிக்கொடுத்திருந்தேன். அவர் வாய் திறக்காமல் நின்றாலே போதும், வேலை மிஞ்சும்.

நைனா தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

"அந்தப் பொண்ணு எடுக்கலம்மா. பத்து வருசமா இங்க ஐரிஸே இல்ல. கணக்குப்பிள்ளைக்கு முட்டி வலி, தோட்டத்துக்கு வரவே மாட்டாரு. நான் சொன்னத எழுதுவாரு. பதினோரு பூன்னு நான்தான் சொன்னேன்."

அம்மா அவரை அந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டு நின்றுவிடச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. "இனிமே கடிதாசு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நைனாவின் மனைவி அதற்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பார்த்தால் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஆறு மாதத்தில் நாங்களும் கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டோம்.

மூன்று நான்கு வருடம் கழித்து, செங்குன்றம் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் நைனா. சொந்த நிலத்தில் நெல் வைத்திருப்பதாகச் சொன்னார். "இது அந்தக் கொயந்தையா?" என்று கேட்டு என் மகளின் கன்னத்தைத் தொட்டார். வேறு எதையெல்லாமோ பேசியிருக்கலாம். நான் கேட்டது இதைத்தான்.

"நைனா, உண்மையச் சொல்லுங்க. ஐரிஸ் எல்லாமே அழுகிச்சா?"

அவர் காலடியில் இருந்த கூடையை நகர்த்தி வைத்தார்.

"பாதி அழுகிச்சு. மீதிய வித்தேன். நர்சரிக்காரன் வந்து கேட்டான்."

"ஐயா ஜன்னல்லேருந்து பார்த்தது?"

"அது நெசம்."

"நான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கக் கூடாது."

"இருந்தத எழுதுன. வுடு" என்று சொல்லிவிட்டு, காரனோடையில் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.