இடது ஓரத்தில் மாஸ்டர்

ஒருவர் மேல் போடுவதும் பழிதான், திருப்பி வாங்குவதும் பழிதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எனக்கு வசதியாகப் போயிற்று. இரண்டையும் நான் ஒரே லென்ஸில் பார்த்தேன்.

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடி ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். ஃபிலிம் கேமராக்கள் பீரோவுக்குள் போய், டிஜிட்டல் கேமரா கழுத்தில் தொங்க ஆரம்பித்திருந்த வருஷங்கள் அவை. ஸ்டுடியோ முதலாளி படம் எடுக்க மாட்டார். மாலையில் வந்து உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். படம் எடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவருக்குக் கீழே நான்.

கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பம் எங்களுடையது. அப்பா கடலுக்குப் போவார். அம்மா கேளம்பாக்கத்தில் மீன் விற்றாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப் போவதில்லை. சேர்ந்த புதிதில் மாஸ்டர் படம் எடுக்க நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்டபம் மண்டபமாக அப்படி நின்று, நின்று, ஒருவழியாகக் கேமரா என் கைக்கு வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் அந்த லென்ஸும் வந்தது.

பத்து மில்லிமீட்டரிலிருந்து இருபது வரை போகும் அகலக்கோண ஜூம். எங்கள் கேமராவுக்குள் படம் பதிகிற சென்சார் பழைய ஃபிலிம் துண்டைவிடச் சின்னது. அதனால் ஃபிலிம் காலத்தில் அகலமாகப் பார்த்த லென்ஸை இதில் மாட்டினால் பாதி மண்டபம் வெளியே போய்விடும். சின்ன சென்சாருக்கென்றே செய்த இந்த லென்ஸ் ஒன்றுதான் மேடையின் இந்த வாழைமரத்தையும் அந்த வாழைமரத்தையும் ஒரே படத்துக்குள் கொண்டுவரும். மாஸ்டர்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். வாங்கியே ஆக வேண்டும் என்று முதலாளியை அரித்து எடுத்தார். வந்த பிறகு குழந்தையைப் போல் மடியில் வைத்துத் துடைப்பார். யாரையும் தொட விட மாட்டார்.

கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். பெண் அந்த ஊர். மாப்பிள்ளை முடிச்சூர். மண்டபம் சின்னது, சொந்தக்காரர்கள் கூட்டமோ பெரியது. தாலி கட்டி முடிந்ததும் மாஸ்டர் தானாகவே அந்த லென்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"குரூப் எல்லாம் நீ எட்த்துரு. எனக்கு முதுகு வலிக்குது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளை பக்கம் மாப்பிள்ளை வீட்டார், பெண் பக்கம் பெண் வீட்டார் என்று மேடையில் நிறுத்தி, குடும்பம் குடும்பமாக எடுத்துத் தள்ளினேன். படத்தில் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் இடது பக்கம், பெண் வீட்டார் வலது பக்கம். கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது.

பிரிண்ட் போட்ட பிறகு மாப்பிள்ளையின் பெரியப்பா நாலைந்து பேரோடு ஸ்டுடியோ படியேறி வந்தார். முடிச்சூரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். குரலும் இரும்புக்கடைக்காரர் குரல்தான்.

"இன்னாபா இது? பொண்ணு வூட்டு ஆளுங்களுக்கு மூக்குத்திக் கல்லு கூட எண்ணிரலாம் போலக் கீது. எங்க ஆளுங்க மட்டும் ஆவி மாதிரி கீறாங்க. இதுல எங்கண்ணி எது, பூந்தொட்டி எது, நீயே சொல்லு!"

படங்களை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். ஒவ்வொரு குரூப்பிலும் மாப்பிள்ளை வரைக்கும் மங்கல். மணப்பெண்ணிலிருந்து பளிச்சென்று தெளிவு. யாரோ வேண்டுமென்றே நடுவில் கோடு கிழித்த மாதிரி.

"வேணும்னே பண்ணதுதானே?" என்றார் பெரியப்பா. "சீர்ல எங்களுக்கும் அவங்களுக்கும் மனஸ்தாபம். அதுக்குப் போட்டோலயா பழி தீக்கறது?"

மாஸ்டர் எழுந்து நின்றார். "நான் எடுக்கல சார். இந்தப் பொண்ணு எடுத்தது. அதுக்கும் கேளம்பாக்கம் பக்கம்தான். மீன்காரங்க வூடு. பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா சொல்லிக் குடுத்தாங்களோ, யாருக்குத் தெரியும்?"

"சார், லென்ஸ்ல ஏதோ..." என்று ஆரம்பித்தேன்.

"லென்ஸு தங்கம் சார். கைதான் தகரம்."

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. குடும்பத்தை அவர்கள் வீட்டிலேயே வந்து மறுபடி எடுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். அவர்கள் இறங்கிப் போனதும் மாஸ்டர் என் கழுத்திலிருந்து கேமராவைத் தானே கழற்றினார்.

"இனிமே நீ லைட்டையே புடி. அதுக்குப் படிப்பு தேவையில்ல பாரு."

அன்றைக்குப் பேருந்தில் வண்டலூர் தாண்டும்வரை நான் அழவில்லை. தாண்டிய பிறகும் அழவில்லை. அந்த ஆளை என்ன செய்யலாம் என்று மட்டும்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். மீன்காரங்க வூடு என்று சொன்னதற்கு ஒன்று. தகரம் என்றதற்கு ஒன்று. கழுத்தில் கை வைத்ததற்கு ஒன்று.

மறுநாள் மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தபோது, அதே லென்ஸில் அவர் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம். எல்லாம் கூர்மை. என் கைதான் தகரமோ என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. பிறகுதான் படங்களின் இடது பக்கத்தைப் பார்த்தேன். ஒரு படத்தில் அங்கே திரைச்சீலை. அடுத்ததில் தூண். அடுத்ததில் ஐஸ்கிரீம் வைத்த மேஜை. வாழைமரம், பூ அலங்காரம், வெறும் சுவர். ஒரு படத்தில்கூட இடது பக்கம் ஒரு மனித முகம் இல்லை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. லென்ஸின் இடது பக்கம் சரியில்லை என்று தெரிந்தேதான் இத்தனை நாளும் ஆட்களை வலது பக்கம் ஒதுக்கியே எடுத்துவந்திருக்கிறார். தானே அரித்து வாங்க வைத்த லென்ஸைக் கோளாறு என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வார்? இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்தியே ஆக வேண்டிய கல்யாண குரூப் வந்ததும் முதுகு வலித்திருக்கிறது.

முதலாளியிடம் போனேன். "சார், ஞாயித்துக்கிழமை அந்த லென்ஸை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன். மாஸ்டருக்குத் தெரிய வேணாம்."

"ஒடைச்சிடாதம்மா" என்றார். அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குப் போனேன். பட்டறைகள் எல்லாம் மூடியிருக்கும், தெருவில் லாரி நிற்காது. பூசாத செங்கல் காம்பவுண்டுச் சுவர் ஒன்று நீளமாக இருந்தது. லென்ஸைச் சோதிக்க அதைவிட நல்ல முகம் கிடையாது. வரிசை வரிசையாகச் செங்கல், எந்தச் செங்கலும் அசையாது, கண்ணை மூடாது. ஸ்டாண்டில் கேமராவைச் சுவருக்கு நேராக வைத்து, பத்தில் ஆரம்பித்து இருபதுவரை, லென்ஸின் துளையை முழுசாகத் திறந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியும் எடுத்தேன்.

கேட்டுக்குள்ளிருந்து காவலாளி வந்து பார்த்தார். "இன்னாமா, செவுத்தைப் போய் எட்த்துகினு கீற? செவுத்துக்குக் கல்யாணமா?"

"நிச்சயதார்த்தம்ணா."

"மாப்ள யாரு, எதிர்ச் செவுரா?" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

பத்து மில்லிமீட்டரில் துளையைத் திறந்து வைத்தால் இடது பக்கச் செங்கல்கள் நனைந்த காகிதத்தில் மை ஊறின மாதிரி கலங்கின. வலது பக்கத்தில் சுண்ணாம்புக் கீறல்கூடத் தெரிந்தது. துளையின் எண்ணைப் பதினொன்றுவரை ஏற்றிச் சுருக்கினால் இடது பக்கம் ஓரளவு தேறியது, கடைசி ஓரம் மட்டும் தேறவில்லை. ஜூமைத் திருப்பி இருபது மில்லிமீட்டருக்குப் போனால் கோளாறே தெரியவில்லை. பிறகு கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து எடுத்தேன். மங்கல் சுவரின் வலது பக்கத்துக்குத் தாவிவிட்டது. தப்பு சுவருடையது என்றால் மங்கல் அங்கேயே இருந்திருக்கும். கை ஆடியிருந்தால் இரண்டு பக்கமும் கலங்கியிருக்கும். லென்ஸுக்குள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

அதன் நல்லதையும் பார்த்தேன். நிறம் அருமை. வெயில் முகத்தில் அடித்தாலும் படம் வெளுக்கவில்லை. பத்தில் சுவரின் நடு கொஞ்சம் தொப்பை போட்டது, அது மன்னிக்கத்தக்கது. இன்னொன்றும் குறித்துக்கொண்டேன். ஓரத்தில் எது நின்றாலும் இந்த லென்ஸ் அதைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். சுவரின் ஓரத்தில் இருந்த வட்டமான மின்விளக்கு பூசணிக்காயாகியிருந்தது.

எல்லாவற்றையும் அன்றைக்கே முதலாளியிடம் காட்டியிருந்தால் நியாயம் கிடைத்திருக்கும். எனக்கு நியாயம் போதவில்லை. சிரித்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் மாஸ்டரின் முகம் தொங்க வேண்டும். முதலாளியிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "முடிச்சூர் வீட்டுக்குப் படம் எடுக்கப் போறப்போ நீங்களும் வாங்க சார். அங்க காட்டறேன்."

முடிச்சூர் வீட்டின் கூடம் அகலமாகவும் ஆழம் இல்லாமலும் இருந்தது. பின்னால் நகர இடமில்லை. அகலக்கோண லென்ஸ் இல்லாமல் ஆகாது. நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மாஸ்டர் வழக்கம்போல எல்லோரையும் வலது பக்கமாக நெருக்கினார். இடது பக்கம் ஜன்னலும் காலி சோபாவும்.

நான் பணிவாகக் கேட்டேன். "மாஸ்டர், இந்தப் பக்கம் இவ்வளவு இடம் காலியா இருக்கே? பெரியவங்க எல்லாம் அங்க நசுங்கிக்கினு நிக்கறாங்களே?"

"நீ லைட்டைப் பாரு."

"அந்தப் பொண்ணு சொல்றது கரீக்ட்டுதானே?" என்றார் பெரியப்பா. "மூச்சு முட்டுதுபா. நகருங்கடா எல்லாம்!" நகர்ந்து இடது ஓரத்தில் அவரே போய் நின்றார்.

மாஸ்டரின் நெற்றி வேர்த்தது. எடுத்தார். "நல்லா வந்துச்சு" என்று கேமராவை மூடப் போனார்.

"பெருசு பண்ணிக் காட்டுங்க மாஸ்டர்" என்றேன். முதலாளி கையை நீட்டிக் கேமராவை வாங்கினார். பொத்தானை அழுத்திப் பெரிதாக்கினார். வலது பக்கம் குழந்தையின் திருஷ்டிப் பொட்டு தெரிந்தது. இடது பக்கம் பெரியப்பா ஆவியாக நின்றார்.

"சார், இப்போ தலைகீழா வெச்சு இன்னொண்ணு எடுங்க." முதலாளியே எடுத்தார். இப்போது பெரியப்பாவின் மீசையில் நரை தெரிந்தது. குழந்தை கலங்கிப் போயிருந்தது. கேமரா கை மாறி மாறிக் கூடம் முழுக்கச் சுற்றியது. திருமுடிவாக்கம் செங்கல் படங்களையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிறகு மாஸ்டர் எடுத்த வளைகாப்பு, காதுகுத்துப் படங்கள். தூண், திரைச்சீலை, ஐஸ்கிரீம் மேஜை.

எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன். "இதுக்கு உங்களுக்கு யாரு மாஸ்டர் சொல்லிக் குடுத்தாங்க? பொண்ணு வீட்டுக்காரங்களா?"

யாரோ ஒரு அத்தை முதலில் சிரித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது. அன்றைக்கு ஸ்டுடியோவில் கேட்ட அதே சிரிப்பு. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "தெரிஞ்சுகினேவா அந்தப் பொண்ணு தலைல கட்டின?" என்று கேட்டார்.

"லைட்டை நீங்க புடிங்க மாஸ்டர்" என்றார் முதலாளி. "அது எடுக்கட்டும்."

கேமரா என் கழுத்துக்கு வந்தது. துளையைப் பதினொன்றுக்குச் சுருக்கினேன். குடும்பத்தை வலது பக்கம் அழகாக அடுக்கினேன். இடது பக்கத்தைக் காலியாக விட்டேன், அது மாஸ்டர் காட்டிய வழிதான். அவர் விளக்கோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். பத்து மில்லிமீட்டரில் விளக்குப் பிடிப்பவர் நன்றாகவே ஒதுங்க வேண்டும், இல்லாவிட்டால் அவரும் படத்துக்குள் வந்துவிடுவார். விளக்குப் பிடித்த எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

"வெளிச்சம் பத்தல மாஸ்டர். ஓரடி முன்னால வாங்க."

என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வைதான். நான் வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்துக்கொண்டேன். முன்னால் வந்தார்.

இருபதில் இறுக்கி அவர் இல்லாமலும் சில படங்கள் எடுத்துக் கொடுத்தேன். பெரிதாக்கி மாட்டப் பெரியப்பா தேர்ந்தெடுத்தது மாஸ்டர் இருக்கும் படத்தைத்தான். "இருக்கட்டும், எங்க மாதிரியே ஆவியா நிக்கட்டும்" என்றார். குடும்பம் முழுக்கக் கூர்மையாகச் சிரிக்கிறது. இடது ஓரத்தில் விளக்கைத் தூக்கிக்கொண்டு, முகம் பக்கவாட்டில் இழுபட்டு, பூசணிக்காயாகி, கலங்கி, மாஸ்டர்.

அந்த மாதமே அவர் கூடுவாஞ்சேரிப் பக்கம் வேறு ஸ்டுடியோ தேடிப் போய்விட்டார். முதலாளி லென்ஸைக் கடையில் கொடுத்து அதே ரகத்தில் வேறொன்று வாங்கினார். முதல் வேலையாக அதைத் திருமுடிவாக்கத்துச் சுவரிடம் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெளிவு. அதன் பிறகு அது என் பையை விட்டு இறங்கவில்லை.

யாராவது அந்த ரக லென்ஸ் எப்படி என்று கேட்டால் நல்ல லென்ஸ் என்றுதான் சொல்வேன். சின்ன மண்டபத்துக்கு அதைவிட்டால் வேறில்லை. ஒரு குறை சொல்வார்கள், ஓரத்தில் நிற்பவர்களை அது மன்னிக்காது என்று. எனக்கு அது குறையாகப் பட்டதில்லை.