காலிக் கட்டத்தில் "இல்லை"

காலியாகக் கிடக்கிற கட்டத்தில் "இல்லை" என்று காட்டச் சொன்னது டாக்டரம்மா. எழுதிக் கொடுத்தது நான். செஞ்சி கடைத்தெருவில் அவர் நடத்தும் சின்ன கிளினிக்குக்கு, நோயாளிகள் விவரம் வைக்கிற வெப்சைட்டை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். பெயர், வயது, ஊர், மருந்து அலர்ஜி. டேட்டாபேஸில் ஒன்றும் ஏறாத இடம் திரையில் வெறும் கோடாக வந்தது. "பார்க்கவே நல்லா இல்லம்மா, மாத்திக் குடு" என்றார். ஒரு கட்டம் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை வெப்சைட் எழுத உதவுகிற ஃபிரேம்வொர்க்கில் நாலே வரியில் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டுப் பெரிய கெட்டிக்காரி மாதிரி டீ குடிக்கப் போனேன்.

சந்தை நாளில் கிளினிக்கில் கூட்டம் நெரியும். பதிவு பண்ணுகிற பெண் பெயரையும் வயதையும் மட்டும் தட்டிவிட்டு, "மீதிய அப்புறம் போட்டுக்கலாம்" என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். அந்த அப்புறம் வந்ததே கிடையாது. அது தெரிந்தும் எழுதினேன், புத்தி கெட்டவள்.

போன மாதம் என் அப்பா, எங்கள் வீட்டில் நைனா, சிங்கவரத்தில் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கும்போது துருப்பிடித்த கம்பியை மிதித்துவிட்டார். ஸ்கூட்டியில் கூட்டிவந்து கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனேன். திரும்பி வந்தால், நர்ஸ் அக்கா ஊசியில் பென்சிலின் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துத் திரையில் நைனாவின் பெயர். மருந்து அலர்ஜி: இல்லை.

ஐயோ! நான் எட்டாவது படிக்கும்போது ஒரு பென்சிலின் ஊசியில் நைனாவுக்கு முகம் வீங்கி, மூச்சு இழுத்து, பிழைத்ததே பெரும்பாடு.

"அக்கா, போடாதீங்க! போடாதீங்க!"

கத்தின கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நர்ஸ் அக்கா திரையைக் காட்டினார். "இல்லைன்னுதானேம்மா காட்டுது?" என்றார்.

"யாரும் கேக்கவே இல்லக்கா. நான்தான் இல்லைன்னு காட்ட வச்சேன்."

அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினார். நான் வண்டியிலிருந்த லேப்டாப்பை எடுத்துவந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து அந்த நாலு வரியை மாற்றினேன். காலியாக இருந்தால் "கேட்கவில்லை", சிவப்பு எழுத்தில். பட்டியலைத் திறந்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு. அடுத்த பக்கமும் அப்படியே. எங்கள் தெருக்காரர்களே எத்தனை பேர்! இத்தனை நாளாக இவர்களுக்கு என்னென்ன ஊசி போட்டார்களோ. எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்கலாம் என்றார் டாக்டரம்மா.

வேறு மருந்து போட்டு, காலில் கட்டுப் போட்ட பிறகு, பயமெல்லாம் கோபமாகி நைனா மேல் பாய்ந்தேன்.

"உனக்குத்தான் தெரியுமே நைனா! வாயத் தொறந்து சொல்ல வேணாம்? இன்னாத்துக்கு சும்மா இருந்த?"

"சொல்லத்தான் வந்தேன். கம்ப்யூட்டர்ல இல்லைன்னு இருக்குதுன்னாங்க. நீ செஞ்சதாச்சே, தப்பா இருக்காதுன்னு கைய நீட்டிட்டேன்."