தட்டில் திரும்பி வந்த வாட்ச்

ஆண்பிள்ளை வாட்ச் ஒன்றைத்தான் நான் இன்றுவரை கட்டுகிறேன். மெலிந்த கைக்காகத் தோல் பட்டையில் ஓர் ஓட்டை கூடுதலாகப் போட்டது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எனக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா என்று பேர்; சொல்தா என்றால் ஊருக்கே அவரைத் தெரியும். அவர் கையில் பேர்போன சுவிஸ் கம்பெனி வாட்ச். பிள்ளைக்கும் அதே கம்பெனிதான் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அப்பா டவுனில் வாட்ச் கடை பாயிடம் வேறு பெயரில் ஒன்று வாங்கி வந்தார். அவரால் முடிந்தது அதுதான். தட்டு மாற்றும்போது சொல்தா அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். வெற்றிலைமேல் திருப்பிப் போட்டார்.

"இது போலி, சம்பந்தி. எங்க கம்பெனிக்காரன் ஒவ்வொரு சக்கரத்தையும் தானே செய்யுறான். இதுக்குள்ள என்ன குப்பையோ!"

சபை முழுக்க அப்பாவைப் பார்த்தது. அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடைக்குப் போயி தொறந்து பாத்துடலாம் மாமா. உங்களதையும் சேத்து."

"பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்றாள் யாரோ ஒருத்தி. ஆனாலும் சொல்தா கிளம்பிவிட்டார்; மாப்பிள்ளையும் அப்பாவும் நானும் கூடப் போனோம். தோற்போம் என்று அவர் நினைக்கவே இல்லை.

கடையில் பாய் இரண்டின் முதுகு மூடியையும் கழற்றி, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தார். அவர் கண்ணாடிப் பெட்டியிலும் சொல்தாவின் கம்பெனி வாட்ச்தான் முன்வரிசை. அது தனி ரகம் என்று பொய் சொன்னால் அவருக்குத்தான் லாபம். சொல்லவில்லை.

"பேலன்ஸ் சக்கரத்துக்கு அடில பாருங்க, ரெண்டுலயும் ஒரே முத்திரை. வாட்ச்சுக்கு உள் மெஷின் மட்டும் செய்யுற வேற பாக்டரியோடது. சில கம்பெனி தானே செய்யுது. நெறைய பேரு வெளில வாங்கி மெருகு போட்டுப் பேரு போடறான். உங்களது மெருகு ஒசத்திதான், இல்லேங்கல. ஆனா பெத்தவ ஒருத்தி."

சொல்தா லென்ஸை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "சரி சம்பந்தி, போயி தட்ட மாத்திக்கலாம்." மாப்பிள்ளை சுவர்க் கடிகாரங்களை எண்ணுகிறவர் மாதிரி நின்றார். அப்பாவிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் யார் வாயிலும் வரவில்லை.

"வேணாம் மாமா" என்றேன். "இன்னிக்கி வாட்ச்சு. நாளைக்கி என் சமையலு, அப்புறம் நான் பெக்குற புள்ள. ஒவ்வொண்ணையும் தொறந்து காட்டிக்கிட்டே இருக்க என்னால முடியாது."

அப்பா திட்டுவார் என்று பார்த்தேன். மூடி போட்ட எங்கள் வாட்ச்சைப் பாயிடம் வாங்கி என் கையில் கட்டினார். தொளதொள என்று தொங்கியது. பாய் கேட்காமலே பட்டையில் ஓர் ஓட்டை போட்டார்.

அப்புறம் பெண் பார்க்க வந்தவர் வாட்ச் கேட்கவில்லை. என்னை மட்டும் கேட்டார். போன மாதம் பேரன் விலையுயர்ந்த வாட்ச் ஒன்றோடு வந்து, என்னுடையதைத் தட்டிப் பார்த்து, "ஒரிஜினலா ஆயா?" என்றான்.

"தொறந்து பாரு. முதல்ல ஒன்னோடத தொற" என்றேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.